யோகோஹாமாவுக்குப் பிறகு 'போக்ஸ்' என்று ஒன்று இருந்ததா? (32 வருடக் கணக்குக்கு என் பதில்)

தகரத்தட்டு:
பக்கத்துத் திரியில் ராஜி அம்மணி போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார்: //செல்டிக் பங்க் என்றால் 'தி போக்ஸ்' தான். 1982 முதல் 2014 வரை, 32 ஆண்டு மேடை வாழ்க்கை.// கீழே எல்லோரும் ஆஹா, ஓஹோ. கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு ஆள் கூடவா அங்கே இல்லை?

ஐரிஷ் மரபிசையையும் பங்க் ராக்கையும் கலந்த இந்தக் குழுவை 1982-ல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் ஆரம்பித்தார்கள். சரி. 1991 ஆகஸ்ட்டில் ஜப்பானில், யோகோஹாமாவில், ஓட்டல் அறையில் கூடி உட்கார்ந்து பாடகர் ஷேன் மெகோவனைப் போகச் சொன்னார்கள். கதை அன்றோடு முடிந்தது. ஒன்பது வருடம். கை விரலில் எண்ணினாலே ஒரு விரல் மிச்சம் இருக்கும்.

மீதி 23 வருடத்தை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சும்மா வந்தவன்:
துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன்.

பாண்டி ராஜி:
அம்மணி வேண்டாம், ராஜி போதும். உங்கள் 'அம்மணி'யில் இருக்கும் உள்குத்து எனக்குப் புரியாமல் இல்லை.

கணக்குதானே? ஷேனை அனுப்பிய பிறகும் 1996 வரை அவர்கள் கச்சேரி செய்தார்கள். முதலில் கிளாஷ் என்ற பங்க் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் வந்து பாடினார், அப்புறம் இவர்களின் டின் விசில்காரர் ஸ்பைடர் ஸ்டேசி. அந்தக் காலத்தில் இரண்டு ஆல்பம். 1993-ல் ஸ்பைடர் எழுதிப் பாடிய பாட்டு பிரிட்டன் டாப் 20-க்குள் போனது. 2001 டிசம்பரில் எல்லோரும், உங்கள் ஷேனும் சேர்த்துத்தான், திரும்பக் கூடினார்கள். 2014 வரை ஆடினார்கள். நடுவில் ஐந்து வருடம் இல்லை என்று நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்பது? 1991-லிருந்து 96 வரை மேடையில் நின்று வாசித்தவர்கள் யார், பேயா?

தகரத்தட்டு:
//பேயா?//
கிட்டத்தட்ட.

ஷேன் இல்லாத போக்ஸ், பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருக்கும் கடை. 1996-ல் பூட்டும்போது உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தீர்களா? பழைய ஆட்களில் ஸ்பைடர், டிரம்ஸ் ஆண்ட்ரூ ரேங்கன், பேஸ் டாரில் ஹன்ட். மூன்று பேர். அக்கார்டியன் ஜேம்ஸ் ஃபெர்ன்லி போய்விட்டார். டெரி வுட்ஸ் போய்விட்டார். ஃபிலிப் ஷெவ்ரான் போய்விட்டார். கடைசியில் பான்ஜோ ஜெம் ஃபைனரும் போய்விட்டார். ஏன் போனார்கள்? யோகோஹாமாவில் எதைத் தூக்கி வெளியே போட்டோம் என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது.

பாண்டி ராஜி:
அவர்கள் மனதுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா? வருடக்கணக்கில் பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்தினால் யாருக்கும் அலுக்கும், தட்டு சார். வீட்டில் பிள்ளை குட்டி இருந்தவர்கள் அவர்கள்.

க்வின்சி குமரன்:
இந்தச் சண்டைக்கு நடுவே ஒரு சின்னத் தகவல். போக்ஸ் கடையைப் பூட்டிய அதே 1996-ல்தான் மாசசூசெட்ஸில் க்வின்சியில் டிராப்கிக் மர்ஃபிஸ் என்ற செல்டிக் பங்க் குழு தொடங்கியது. இன்று வரை பூட்டவே இல்லை. இடைவெளி இல்லை, ரீயூனியன் இல்லை, துரத்தல் இல்லை. நீண்ட பயணம் பற்றிப் பேச வேண்டுமென்றால் சரியான இடத்தில் பேசுங்கள். ஐரிஷ் திருநாளான செயின்ட் பாட்ரிக் தினம் வரும் ஒவ்வொரு வாரமும் பாஸ்டனில் இரவுக்கு இரவு கச்சேரி. 2002-ல் அங்கே அவலான் அரங்கில் வாசித்தது லைவ் ஆல்பமாகவே வந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள். பாடகர் பாதி, கூட்டம் பாதி.

தகரத்தட்டு:
வந்துவிட்டார் விளம்பரதாரர். குமரன், திரியின் தலைப்பைப் படித்தீர்களா?

க்வின்சி குமரன்:
படித்தேன். உங்கள் தலைப்பில் 'யோகோஹாமா' இருக்கிறது. எங்கள் ஆட்கள் அந்த ஊருக்குப் போனால் ஒழுங்காக வாசித்துவிட்டு வருவார்கள்.

கிங்ஸ்கிராஸ் அருள்:
நான் லண்டனில் இருக்கிறேன். 2001-க்குப் பிறகு டிசம்பர் வந்தால் பிரிக்ஸ்டன் அகாடமியில் இவர்களின் கச்சேரிகள் நடக்கும், போயிருக்கிறேன். அதனால் கேட்டதை அல்ல, கண்டதைச் சொல்கிறேன்.

ஷேன் இரண்டு மூன்று பாட்டுக்கு ஒருமுறை மேடையை விட்டு உள்ளே போய்விடுவார். அவர் இல்லாத நேரம் மற்றவர்கள் பாடுவார்கள். ஃபிலிப் ஷெவ்ரான், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய ஐரிஷ் சனங்களைப் பற்றித் தானே எழுதிய பாட்டைப் பாடுவார். ஸ்பைடர் அந்த 1993 பாட்டைப் பாடுவார். கவனியுங்கள், நீங்கள் 'இல்லை' என்று சொல்கிற காலத்துப் பாட்டு. ஒருவரும் வெளியே எழும்பிப் போகவில்லை. முழு அரங்கும் சேர்ந்து பாடியது. தகரத்தட்டு அண்ணைக்கு இதில் என்ன விளங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

தகரத்தட்டு:
அருள், நீங்களே என் வேலையைச் செய்துவிட்டீர்கள். ஷேன் உள்ளே போய்த் தம் போட்டுவிட்டு வருகிற நேரத்துக்குப் பாடிய பாட்டு அது. அந்த நேரத்தில் சனம் என்ன செய்யும்? பாடும். இல்லையென்றால் பீர் வாங்கப் போகும்.

இன்னொன்று. 2001 முதல் 2014 வரை, 13 வருடம், புதிய ஆல்பம் ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. இல்லை. பழைய பாட்டையே சுற்றிச் சுற்றி வாசிப்பதற்குப் பெயர் 'மேடை வாழ்க்கை' என்றால் எங்கள் ஊர் ரெக்கார்ட் டான்ஸ் குழுவுக்கும் 40 வருட மேடை வாழ்க்கை உண்டு.

பாண்டி ராஜி:
ஒரு நிமிடம். முதலில் 'ஷேன் இல்லை, அதனால் போக்ஸ் இல்லை' என்றீர்கள். இப்போது ஷேன் இருக்கிறார், அதே ஆட்கள், அதே மேடை. உடனே 'புதுப் பாட்டு இல்லை, அதனால் போக்ஸ் இல்லை' என்கிறீர்கள். 1991–96-ல் புதுப் பாட்டு இருந்தது, ஷேன் இல்லை. 2001–14-ல் ஷேன் இருந்தார், புதுப் பாட்டு இல்லை. இரண்டையும் கழிக்க இரண்டு வேறு வேறு அரிவாள் வைத்திருக்கிறீர்கள். எந்த அரிவாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சும்மா வந்தவன்:
ரிப்பீட்டு!

தகரத்தட்டு:
ஷேனும் வேண்டும், புதுப் பாட்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தது 1982–91. ஒன்பது வருடம். இதில் என்ன அரிவாள், கதிர் அறுவடை?

சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இந்தக் குழு மேடையில் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் 1988 செயின்ட் பாட்ரிக் தினக் கச்சேரியைப் பாருங்கள். கென்டிஷ் டவுனில் டவுன் அண்ட் கண்ட்ரி கிளப். ஷேன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறாரா சாய்ந்திருக்கிறாரா என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சொல் நழுவவில்லை. ஃபெர்ன்லி அந்தப் பாரமான அக்கார்டியனை மார்பில் கட்டிக்கொண்டு மேடை முழுக்கத் துள்ளுகிறார். பாடகி கர்ஸ்டி மெக்கால் வந்து பாடுகிறார். ஸ்ட்ரம்மர் வந்து கிளாஷ் பாட்டைப் பாட, பின்னால் டின் விசிலும் பான்ஜோவும் போகிறது. ஸ்பெஷல்ஸ் குழுவின் லின்வால் கோல்டிங்கும் ஏறுகிறார். அதற்கு நாலு வருடம் முன்னால், 1984-ல், இவர்களே கிளாஷுக்கு முன்கச்சேரி வாசித்த குட்டிக் குழு. நாலு வருடத்தில் ஸ்ட்ரம்மர் இவர்கள் மேடைக்கு விருந்தாளி! அது வளர்ச்சி. யோகோஹாமாவுக்குப் பிறகு அப்படி ஒரு இரவு காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

க்வின்சி குமரன்:
வீடியோவில் பார்த்ததை நேரில் பார்த்த மாதிரி வர்ணிக்கும் திறமை உங்களுக்கு மட்டும்தான். அருளாவது நேரில் பார்த்திருக்கிறார்.

தகரத்தட்டு:
1988-ல் லண்டனுக்கு டிக்கெட் எடுக்க எங்கள் வீட்டில் பணம் காய்க்கும் மரம் இல்லை, தம்பி. வேலை கிடைத்து அமெரிக்கா போய் இறங்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் எது சத்தமாகக் கேட்டதோ அதற்கே கொடி பிடிக்கிற ரகம் இல்லை நான்.

நடத்துனர்:
தனிமனிதத் தாக்குதல் வேண்டாம். முதல் எச்சரிக்கை. இருவருக்கும்தான்.

க்வின்சி குமரன்:
எனக்கு எதற்கு? நான் என்ன சொன்னேன்? போன வருடம் கிளாஷ் திரியிலும் இதே கதைதான். அவர் அடிப்பார், எச்சரிக்கை இருவருக்கும்.

பாண்டி ராஜி:
எல்லோரும் ஒதுங்குங்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று. 1988-ல் அமெரிக்கப் பயணம் தொடங்கிய நாட்களில் ஷேன் வந்து சேரவே இல்லை. அப்போது அந்தக் குழுவின் பெயர் என்ன?

தகரத்தட்டு:
போக்ஸ்.

பாண்டி ராஜி:
ஷேன் இல்லாமல்?

தகரத்தட்டு:
அவர் அன்றைக்கு வரவில்லை. விலக்கப்படவில்லை. வித்தியாசம் தெரியாதா? வீட்டுப் பெரியவர் வெளியூர் போயிருந்தால் குடும்பம் இல்லாமல் போகுமா?

பாண்டி ராஜி:
ஓ. வராமல் இருந்தால் இருக்கிறது. போகச் சொன்னால் இல்லை. ஆக, போக்ஸ் என்பது மேடையில் வாசிப்பது அல்ல, ஷேனின் விடுப்புக் கடிதம். நல்லது.

சும்மா வந்தவன்:
விடுப்புக் கடிதம்! சிரித்துச் சிரித்துக் காபி கீபோர்டில் கொட்டிவிட்டது.

தவில் ரசிகன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாதஸ்வரக் கச்சேரியில் நாதஸ்வரக்காரர் இல்லாமல் தவில் மட்டும் வாசித்தால் அது தனி ஆவர்த்தனம்தானே, கச்சேரி ஆகுமா? தகரத்தட்டு சொல்வது எனக்கு நியாயமாகப் படுகிறது.

பாண்டி ராஜி:
தவில் ரசிகரே தவிலைக் குறைத்துப் பேசலாமா? அப்புறம், ஷேன் நாதஸ்வரம் இல்லை. அவர் ஒருவரே எல்லாம் எழுதினார் என்பதே முதல் தப்பு. கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் உலகம் முழுக்க ஓடுகிறதே, 1987-ல் பிரிட்டன் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு, அதில் ஷேன் பெயருக்குப் பக்கத்தில் ஜெம் ஃபைனர் பெயரும் இருக்கிறது. அருள் சொன்ன கப்பல் பாட்டு ஷெவ்ரானுடையது. 1985 ஆல்பத்தில் எல்லோரும் உருகுகிற இரண்டு பாட்டில் ஒன்று ஈவன் மெக்கால் எழுதியது, இன்னொன்று எரிக் போகிள் எழுதியது. கர்ஸ்டியின் அப்பாதான் அந்த ஈவன்.

தகரத்தட்டு:
எழுதியது யாராக இருந்தால் என்ன? பாடியது யார்? அந்தப் போகிள் பாட்டு, போரில் கால் இழந்த சிப்பாயின் கதை, எத்தனை பேர் பாடியிருக்கிறார்கள். ஷேன் பாடினால்தான் கால் போனவனே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இருக்கும். ஸ்பைடர் நல்ல மனிதர், நல்ல விசில்காரர், என் பெயரே அவர் தட்டுதான். ஆனால் அந்தக் குரலுக்கு அந்த நாற்காலியில் இடம் இல்லை.

சும்மா வந்தவன்:
தட்டு விஷயம் என்ன? புதியவன் கேட்கிறேன்.

தகரத்தட்டு:
ஆரம்பக் காலத்தில் ஸ்பைடர் மேடையில் பீர் கொண்டுவரும் தகரத் தட்டை எடுத்துத் தன் தலையிலேயே தாளத்துக்கு அடித்துக்கொள்வார். அதுதான் பங்க். காசு போட்டு வாங்கிய வாத்தியம் இல்லை, மேசையில் கிடந்ததை எடுத்துத் தலையில் அடி. ரேங்கன் அப்போது முழு டிரம் செட் கூட வைத்துக்கொள்ளாமல், ஒன்றிரண்டு டிரம்மை நின்றபடியே அடிப்பார்.

க்வின்சி குமரன்:
தலையில் அடித்துக்கொள்வதெல்லாம் தாளமா? சர்க்கஸ்.

தகரத்தட்டு:
சர்க்கஸா? அந்தத் தட்டுச் சத்தம் தாளத்தில் விழும். காது இருந்தால் கேட்கும். உங்கள் மர்ஃபிஸில் எலக்ட்ரிக் கிட்டார் அடிக்கிற அடியில் பேக்பைப் என்ன வாசிக்கிறது என்று வாசிக்கிறவருக்கே கேட்காது.

கிங்ஸ்கிராஸ் அருள்:
தட்டு பற்றிக் கதைப்பதென்றால், பிரிக்ஸ்டனில் கடைசிப் பாட்டுக்கு ஸ்பைடர் தட்டை எடுத்துத் தலையில் அடித்தார். 2001-க்குப் பிறகு. தகரத்தட்டு அண்ணையின் கணக்குப்படி போக்ஸே இல்லாத காலத்தில் போக்ஸின் தட்டு மட்டும் எப்படி வந்தது?

தகரத்தட்டு:
தட்டு இருந்தால் போதுமா? யோகோஹாமாவில் உடைந்தது தட்டா?

கிங்ஸ்கிராஸ் அருள்:
நீங்கள் இதுவரை எத்தனை தடவை யோகோஹாமா என்று எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்களே இவ்வளவு சொல்லமாட்டார்கள்.

பிரிக்ஸ்டனில் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு வரும்போது கர்ஸ்டியின் இடத்தில் ஜெம் ஃபைனரின் மகள் எல்லா பாடுவார். கர்ஸ்டி 2000 டிசம்பரில் மெக்சிகோவில் படகு மோதிச் செத்துப்போனார், தெரிந்திருக்கும். பாட்டு முடிகிற நேரம் மேலே இருந்து காகிதப் பனி கொட்டும். ஷேனும் எல்லாவும் கை பிடித்து மெல்ல ஒரு சுற்று வால்ட்ஸ் ஆடுவார்கள். ஷேனுக்குக் கால் நேராக நிற்காது, அந்தப் பிள்ளைதான் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்ற பெரிய உடம்புக்காரன் ஒருவன், கழுத்தெல்லாம் பச்சை குத்தியவன், குழந்தை மாதிரி அழுதான். அதைப் பார்த்துவிட்டு வந்து 'பழைய பாட்டு, ரெக்கார்ட் டான்ஸ்' என்று எழுத எனக்கு மனம் வராது. அவ்வளவுதான்.

பாண்டி ராஜி:
+1 அருள்.

தகரத்தட்டு:
அழுகை எல்லாம் சரி. நான் கேட்டது கணக்கு. கண்ணீருக்கு வருடம் கூட்டிக் கொடுக்கும் வழக்கம் எப்போது வந்தது?

க்வின்சி குமரன்:
மனிதரா இவர்?

தகரத்தட்டு:
நீங்கள் பேசாதீர்கள் குமரன். உங்கள் குழுவின் கணக்கை எடுப்போமா? 1996-ல் ஆரம்பித்தபோது பாடியது மைக் மெக்கோல்கன். 1998-ல் விட்டுவிட்டுப் போனார், பாஸ்டனில் தீயணைப்பு வீரர் ஆனார். அப்புறம் வந்த ஆல் பார் 2022-ல் தாயைக் கவனித்துக்கொள்ள மேடையை விட்டு ஒதுங்கினார். முதல் நாளில் இருந்தவர்களில் இன்று மிச்சம் கென் கேஸி ஒருவர். ஒருவர்! இதைத்தான் 'இடைவெளி இல்லாத பயணம்' என்கிறீர்கள்.

பாண்டி ராஜி:
ஆஹா. அப்படியானால் டிராப்கிக் மர்ஃபிஸுக்கு எத்தனை வருடம், தட்டு சார்? முதல் பாடகர் போன 1998-ல் நிறுத்திவிடலாமா? இரண்டு வருடம்?

தகரத்தட்டு:
அது வேறு.

பாண்டி ராஜி:
எப்படி வேறு?

தகரத்தட்டு:
மெக்கோல்கன் தானாகப் போனார். ஷேனை அனுப்பினார்கள்.

சும்மா வந்தவன்:
புது அரிவாள்! மூன்றாவது!

க்வின்சி குமரன்:
யார் பாடுகிறார் என்பதில்தான் குழு இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை. மாட் கெல்லி 1997-லிருந்து டிரம்ஸில் இருக்கிறார், போதும். செயின்ட் பாட்ரிக் வாரத்தில் கடைசிப் பாட்டுகளுக்குக் கூட்டத்தையே மேடைக்கு ஏற்றிவிடுவார்கள். முதலில் பெண்கள், அப்புறம் எல்லோரும். பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆளில்லாத அரங்கில் வாசித்து இணையத்தில் விட்டார்கள். மே மாதம் ஃபென்வே பார்க்கில், மைதானம் முழுக்கக் காலி நாற்காலி, திரையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் சேர்ந்து பாடினார். 2013-ல் நியூயார்க்கில் மேடையில் ஏறி நாஜி சல்யூட் அடித்தவனைக் கென் கேஸி அங்கேயே பாய்ந்து அடித்தார், அடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தார்கள். உங்கள் ஷேனே 2001-ல் எங்கள் ஆல்பத்தில் வந்து பாடினார்.

தகரத்தட்டு:
//உங்கள் ஷேனே//
அதை நீங்களே ஒத்துக்கொண்டதற்கு நன்றி. அப்பா வீட்டிலிருந்து ஆசீர்வாதம் வாங்காமல் பிள்ளைக் குழு எதுவும் நடமாடியதில்லை.

க்வின்சி குமரன்:
அப்பா 1991-ல் செத்துவிட்டார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? 2001-ல் யார் வந்து ஆசீர்வாதம் செய்தது?

தகரத்தட்டு:
ஷேன் செத்தார் என்று சொல்லவில்லை. போக்ஸ் முடிந்தது என்றேன். வாசிக்கும்போது கண்ணைத் திறந்து வாசிக்கவும்.

தவில் ரசிகன்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சும்மா வந்தவன்:
எந்தக் கேள்வி?

தவில் ரசிகன்:
விடுங்கள்.

கிங்ஸ்கிராஸ் அருள்:
எனக்கு இதில் ஒரு பகிடி தெரிகிறது. இந்தக் குழு ஆரம்பித்த காலத்தில் அயர்லாந்தின் மரபிசைக்காரர்கள் சிலர் 'இது எங்கள் இசையே இல்லை' என்று முகத்தைத் திருப்பினார்கள். லண்டனில் இருந்து வந்த பொடியன்கள், குடித்துவிட்டுக் கத்துகிறார்கள் என்று. ஷேன் பிறந்ததே இங்கிலாந்தில், கென்ட் பக்கம். 1987-ல் டப்ளினர்ஸ் என்ற மூத்த ஐரிஷ் மரபிசைக் குழு இவர்களோடு சேர்ந்து ஒரு பாட்டுப் பாடி அது பிரிட்டன் டாப் 10-க்குள் போனது, அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அடங்கியது. இப்போது தகரத்தட்டு அண்ணை அதே மரபிசைக்காரர்களின் கதிரையில் ஏறி இருந்துகொண்டு, எது அசல் எது போலி என்று முத்திரை குத்துகிறார்.

தகரத்தட்டு:
என்னை மடிசஞ்சி என்று சொல்கிறீர்களா?

கிங்ஸ்கிராஸ் அருள்:
நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தகரத்தட்டு:
நன்றாக இருக்கிறது. இந்தத் தளத்தில் போக்ஸ் என்ற பெயரை முதலில் எழுதியதே நான். நான் எழுதும்வரை நீங்கள் எல்லோரும் அந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டோடு நின்றிருந்தீர்கள். அதிலும் பாதிப் பேருக்குப் பாடுவது யார் என்று தெரியாது. இப்போது எனக்கே பாடம். 1988-ல் பர்மிங்காம் ஆறு பேர் பற்றிய பாட்டை பிரிட்டனில் வானொலி, டிவியில் போடக்கூடாது என்று தடுத்தார்களே, அதைப் பற்றி இங்கே முதலில் எழுதியது யார்? நான். குண்டு வழக்கில் தவறாகத் தண்டித்து உள்ளே வைத்திருந்த ஆறு பேர், 1991 மார்ச்சில்தான் வெளியே வந்தார்கள். அந்த வருடம் ஆகஸ்ட்டில் அந்தப் பாட்டை எழுதியவனை வெளியே அனுப்பினார்கள். நன்றியைப் பாருங்கள்.

பாண்டி ராஜி:
அந்தப் பாட்டின் முதல் பாதி டெரி வுட்ஸ் எழுதியது. சும்மா நினைவூட்டல்.

தகரத்தட்டு:
முதல் பாதியை யார் தடை செய்தார்கள்? தடை விழுந்தது இரண்டாம் பாதிக்கு. ஷேனின் பாதிக்கு.

பாண்டி ராஜி:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். ஷேன் 2023 நவம்பர் 30-ல் இறந்தார். டிப்பரரியில் நீனா என்ற ஊரில் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு. அங்கே நின்று விடைபெறும் பாட்டை வாசித்தது யார்? நீங்கள் நன்றி கெட்டவர்கள் என்று சொல்கிற அதே போக்ஸ்காரர்கள். யோகோஹாமாவை ஷேனின் குடும்பமே மறந்துவிட்டது, ஷேனே மறந்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வருடம் அவர்களோடு மேடை ஏறினார். மறக்காமல் மனதில் வைத்திருப்பவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

தகரத்தட்டு:
யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டாமா?

அப்புறம் 2024 மே மாதம் ஹாக்னி எம்பயரில் ஸ்பைடரும் ஃபைனரும் ஃபெர்ன்லியும் முதல் ஆல்பத்தின் 40 வருடத்தைக் கொண்டாடினார்களே, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இரண்டாவது ஆல்பத்துக்கு ஊர் ஊராகப் போனார்களே, அதையும். 32 எதற்கு, 43 என்று போட்டுவிடுங்கள்.

பாண்டி ராஜி:
போட்டுவிடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. இளம் பாடகர்களைக் கூட்டி வந்து பாட வைத்தார்கள், லிசா ஓ'நீல் மாதிரி. யூடியூபில் பார்த்தேன், நன்றாகவே இருந்தது.

க்வின்சி குமரன்:
வீடியோவில் பார்த்தால் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். ஓ, அது நான்தான், தகரத்தட்டுக்கு மட்டும். ராஜி பார்க்கலாம்.

தகரத்தட்டு:
ஓரவஞ்சனையை எழுத்தில் கொடுத்ததற்கு நன்றி. நடத்துனர் கவனத்துக்கு.

நடத்துனர்:
பகல் முழுக்க என் கவனத்தில் இந்தத் திரி மட்டும்தான் இருக்கிறது. தலைப்புக்குள் பேசுங்கள்.

பாண்டி ராஜி:
தலைப்புக்குள்தான் வருகிறேன். தட்டு சார், 1994-ல் ஷேன் 'போப்ஸ்' என்ற புதுக் குழுவோடு ஆல்பம் போட்டார். அதில் ஷேன் உண்டு, புதுப் பாட்டும் உண்டு. நீங்கள் வைத்த இரண்டு நிபந்தனையும் அங்கே இருக்கிறது. அப்படியானால் 1994-ல் உண்மையான போக்ஸ் எது? ஷேனின் போப்ஸா?

தகரத்தட்டு:
ஒரு விதத்தில் ஆமாம்.

க்வின்சி குமரன்:
என்னது??

சும்மா வந்தவன்:
துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று பார்த்தேன். மறுபடியும் போடுகிறேன்.

கிங்ஸ்கிராஸ் அருள்:
ஸ்பைடர், ஜெம், ஜேம்ஸ், ரேங்கன் யாருமே நிரந்தரமாக இல்லாத குழு போக்ஸ். அவர்கள் எல்லோரும் இருந்த குழு போக்ஸ் இல்லை. அண்ணை, உங்களுக்கு ஏதும் சுகமில்லையா?

தகரத்தட்டு:
'ஒரு விதத்தில்' என்று எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு சொல்லை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவது உங்கள் எல்லோருக்கும் கைவந்த கலை. போப்ஸ் பற்றி விரிவாகத் தனித் திரி திறக்கிறேன், அங்கே வாருங்கள், அங்கேயும் 1991-லிருந்துதான் ஆரம்பிப்பேன். குமரனுக்கு அனுமதி இல்லை.

க்வின்சி குமரன்:
திரிக்கு அனுமதி கொடுக்க நீங்கள் யார்?

பாண்டி ராஜி:
அதற்கு முன்னால் 1988-க்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள். 'வெளியூர் போயிருந்தார்' எல்லாம் பதில் இல்லை.

தகரத்தட்டு:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள். ஒன்பது.